கார் துடைக்கிற ஆள்

அவர் பல்செட் செய்கிறவர். தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாமல் இருந்தால் தேவலை என்பது அவருடைய ஆசை. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் அவருக்கு வேலை. முன்னால் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்னால் இவர் அந்த அச்சில் பல்லை வரிசை பிடித்து, ஈறு நிறத்தில் அடிப்பாகத்தை வார்த்து, மோட்டார் சக்கரத்தில் வைத்து மினுமினுவென்று தேய்த்துக் கொடுப்பார். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

வெளியிடங்களில் யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "டென்டல் லைன்ல இருக்கேன்" என்பார். கேட்டவர் உடனே "அப்படியா டாக்டர்!" என்று வாயைப் பிளந்து கடைவாய்ப் பல்லைக் காட்டுவார். இவரும் குனிந்து பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணில கொப்பளிங்க" என்று சொல்லி நழுவிவிடுவார். நான் எங்கே பொய் சொன்னேன், அவராக நினைத்துக்கொண்டார் என்று மனதுக்குள் ஒரு சமாதானம்.

மகள் அப்படி இல்லை. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பேச்சிலும் அப்படித்தான், கோடு போட்ட மாதிரி இருக்கும். கூட வேலை பார்க்கும் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்பதைச் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். பையனின் அப்பா பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் குடும்பத்தோடு வந்து பேசுவதாக முடிவானது.

அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு வாசலில் நின்ற காரைப் பற்றியே கவலை. புரோக்கர் ஒருவர் மூலம் சமீபத்தில்தான் வாங்கியிருந்தார். ஏற்கெனவே யார் யாரோ ஓட்டித் தள்ளிய வண்டி. சிவப்பு என்று பேர்தான், வெயிலில் கிடந்து கூரை செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. முன் விளக்குகள் இரண்டும் புகையிலை போடுகிறவன் பல் மாதிரி மஞ்சள் பூத்திருந்தன. உள்ளே ஏறினால் நனைந்த நாயின் வாடை. "வாங்கப் போனப்ப மூக்கை வீட்டுல கழட்டி வெச்சிட்டா போனீங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டே விட்டாள்.

ஞாயிறு விடிந்ததுமே வேலையில் இறங்கிவிட்டார். கிழிந்த பனியன், பழைய அரைக்கால் சட்டை. பட்டறைப் பழக்கம் வேறு: தேய்க்கிற வேலை என்றால் முகத்தில் மாஸ்க்கும் தலையில் துண்டும் கட்டாமல் அவருக்குக் கை ஓடாது. சீட்டுக் கவர்களை உருவி மதில்மேல் காயப்போட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து பிஸ்கட் துண்டுகளும் ஒற்றைக் கால் சாக்ஸும் கல்லாக இறுகிய சூயிங்கமும் வந்தன. ஏசி காற்று வருகிற இடுக்குகளில் பழைய டூத்பிரஷ்ஷை விட்டு அழுக்கை நோண்டினார். வெளியே, முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணை இறக்கினார், மண்ணோடு தேய்த்தால் பெயின்ட் கீறிவிடும். அப்புறம்தான் ஷாம்பு. ஒரு வாளியில் நுரை, பஞ்சை அலச இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர். முன் விளக்குகளுக்குப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பல் பாலிஷ் பசையைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள் கழன்று கண்ணாடி போலத் தெளிந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக மெழுகு. பஞ்சில் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகப் பூசி, அது காய்ந்து வெள்ளை பூத்ததும் மெத்தென்ற துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அடியிலிருந்து சிவப்பு எழும்பி வந்தது. ஒரு கதவை முடித்துத்தான் அடுத்த கதவுக்குப் போனார். டயருக்குக் கறுப்பு பூசியதில் முழங்கை வரை கரி. டிக்கிப் பக்கம் குந்தியிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஏம்பா, இது யாரு வண்டி?"

திரும்பினார். மகள் போனில் காட்டிய படத்தில் பையனுக்குப் பக்கத்தில் நின்ற அதே மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, வெள்ளை வெளேரென்ற நடைப் பயிற்சி ஷூ. இவருக்குத் தன் பனியனின் ஓட்டை ஞாபகம் வந்தது. எழுந்து நின்றார்.

"ஐயாவோடதுங்க."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப விழுங்க வழியில்லை.

"ஐயா இருக்காரா?"

"வெளிய போயிருக்காருங்க."

வந்தவருக்கும் அது நிம்மதியாக இருந்தது போல. "சரி, சரி, யாரையும் கூப்பிட வேணாம். சாயங்காலம் வரப்போறோம், வீட்டைப் பாத்து வெச்சுக்கலாமேன்னு வந்தேன்" என்றபடி காரை ஒரு சுற்று சுற்றினார். "வண்டி புதுசா?"

"புதுசுதாங்க."

"நல்லா பண்றியே! நம்ம வீட்டு வண்டிக்கும் ஒரு நாள் வாயேன்."

"வர்றேங்க."

"இவங்கள்லாம் எப்படி? உன்னை நல்லா நடத்துறாங்களா?"

"தங்கமானவங்க சார்."

தன்னைப் பற்றித் தானே கொடுத்த அந்த நற்சான்று, மாஸ்க்குக்குள் சூடாகத் திரும்பி அவர் மூஞ்சியிலேயே அடித்தது. பெண் எப்படி என்று அடுத்த கேள்வி. "அது மாதிரி ஒரு பொண்ணை எங்கயும் பாக்க முடியாதுங்க" என்றார். காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

"அவங்க அப்பா என்ன பண்றாரு?"

"டென்டல் லைன்" என்று சொல்லியிருக்கலாம். கார் துடைக்கிற ஆள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டானே என்று தோன்றியது.

"பல் டாக்டருங்க."

"டாக்டரா?"

"ஆமாங்க."

"ஓகோ" என்றார் வந்தவர். புருவம் கொஞ்சம் மேலே போனது. மரியாதை கூடிவிட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். வந்தவர் தெருமுனை திரும்புகிற வரை இவர் துணியைப் பிழிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. முழங்கைக் கரியைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோனது. மாஸ்க் இருந்தது, துண்டு இருந்தது, அடையாளம் தெரியாது. குரல் மட்டும்தான் இடிக்கும். எனவே சாயங்காலம் அவர்கள் வந்து உட்கார்ந்ததும், அடித்தொண்டையில், "வாங்க, வாங்க" என்றார்.

"என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் மனைவி. "காலையிலேருந்து தண்ணியிலயே நின்னா?"

அவர் கால்விரலால் மனைவியின் காலை அழுத்தினார். அவள் புரியாமல் காலை இழுத்துக்கொண்டாள்.

தேநீர் வந்தது. பையனின் அம்மா வீட்டைப் பாராட்டினார். பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாசல்ல புது வண்டி பளபளன்னு நிக்குதே" என்றார்.

"புதுசு இல்ல அங்கிள்" என்றாள் மகள். "செகண்ட் ஹேண்ட்தான்."

பையனின் அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியா? சரி, வண்டி எதுவா இருந்தா என்ன. இன்னொண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க அப்பா பல்செட் பண்றவர்னு நீ சொன்னதா என் பையன் சொன்னான். ஆனா அவரு டாக்டர்னு கேள்விப்பட்டேன். எது சரிம்மா?"

"நான் சொன்னதுதான்."

"அப்ப உங்க வீட்டு ஆளுங்களே ஏன் வேற மாதிரி சொல்றாங்க? எங்களுக்கு என்ன வேலைங்கிறது பெரிசில்ல. ஆளுக்கு ஒரு கதை சொன்னாத்தான் யோசனையா இருக்கு. யாரு சொல்றதை நம்புறது?"

மகளுக்கு முகம் இறுகிவிட்டது. "எங்க வீட்டு ஆளுன்னா யாரு?"

"உங்க வண்டி துடைக்கிறவரு. காலையில வந்தப்ப சொன்னாரு."

"வண்டி துடைக்க எங்களுக்கு ஏதுங்க ஆளு?" என்று மனைவி வெகுளியாகச் சிரித்தாள். "இவருதான் விடிஞ்சதும் விடியாததுமா உக்காந்துக்கிட்டு..." சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் தரையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொந்தக் குரலில் சொன்னார்: "நான்தாங்க அது. இந்தக் கோலத்துல பாத்துட்டீங்களேன்னு வெக்கமா இருந்துச்சு. ஆளு மாதிரி பேசிட்டேன். டாக்டர்னு சொன்னதும் நான்தான். பொண்ணு ஒண்ணும் பொய் சொல்லல. தயவுசெஞ்சு அதை அவ மேல வெக்காதீங்க."

 பையன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் வாயைத் திறந்தது பையனின் அம்மாதான், அதுவும் தன் கணவரிடம். "காலையில வாக்கிங்னு சொல்லிட்டு இங்கயா வந்தீங்க? வேலைக்காரங்க வாயைக் கிளறவா?"

"வீடு எங்கன்னு பாக்கத்தான்..." என்று ஆரம்பித்த மனிதர், முடிக்க முடியாமல் காது மடல் வரை சிவந்தார். "நானும் பண்ணியிருக்கக் கூடாதுங்க" என்றார் பொதுவாக, அறையின் மூலையைப் பார்த்து. அதற்குப் பிறகு பேச்சு வேறு எதையெதையோ தொட்டுவிட்டு, சீக்கிரமே முடிந்தது. போகும்போது வாசலில் நின்ற வண்டியைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. இரண்டு அப்பாக்களும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போனார்.

"அம்மாடி, கெடுத்துட்டேனா?"

"அதெல்லாம் கெடாது அப்பா. அவனுக்கு எல்லாம் தெரியும்." குழாயைத் திறந்தாள். "ஆபீஸ்ல நீங்க பண்ற வேலையைப் பத்தி நான் பேசாத நாள் கிடையாது. எங்க அப்பா பண்ணின பல்லுன்னா சொந்தப் பல்லு மாதிரி இருக்கும்னு பெருமையடிச்சுக்குவேன். நீங்க அதைச் சொல்லக் கூசுவீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். ஈரக் கோப்பை ஒன்றை வாங்கித் துடைக்கலாம் என்று கை நீட்டினார். "வேணாம்ப்பா, போய் உக்காருங்க" என்றுவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. சம்பந்திகள் இருவரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள், தேவைக்கு மேலேயே. அந்தக் காலைப் பொழுதைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை. பேச்சு கார் பக்கம் போனால் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

மண்டபத்தில் பையன் வீட்டு உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பொண்ணோட அப்பாவா? என்ன பண்றீங்க?" என்று விசாரித்தார். மகள் கூப்பிடு தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், முதுகைக் காட்டியபடி.

"பல்செட் பண்றேன்" என்றார்.

சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. உறவுக்காரர் காதைக் கிட்டே கொண்டுவந்து, "என்னது?" என்றார். அவர் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.