உழாமல் வைத்த கோஸ் தோட்டம்

காலை ஆறு இருபது. சுருளிப்பட்டி சாலையோரம் மொபெட்டை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டவை இலைகள். அறுவடை நெருங்கும் அந்த வயதில் முட்டைக்கோஸ் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து உருண்டிருக்க வேண்டும். இங்கே எல்லாச் செடிகளும் விரித்த குடை போல மல்லாந்து கிடந்தன. ஒன்றேகால் ஏக்கரில் ஒரு உருண்டைகூட இல்லை.

2001 வைகாசி. நான் அப்போது ஒரு நாளிதழின் கம்பம் பகுதி நிருபர். செய்தி கொடுக்க ஆள் அனுப்பியிருந்தவர் ராசம்மாள். கணவர் இல்லை. குத்தகை நிலத்தில் தனியாக வெள்ளாமை செய்பவர்.

"பாருங்க தம்பி, தலையே கட்டல. இத சந்தைக்குக் கொண்டு போனா, கீரைக்கடைப் பக்கம் போத்தான்னு சொல்லுவாக" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனி பிறந்ததும் அடுத்த குத்தகையைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். அவரிடம் இருந்தது இந்த வெள்ளாமை மட்டும்தான்.

கடையில்

விதை வாங்கிய கடைக்கு அவருடன் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"என்னத்தா, பேப்பர்காரரையும் கூட்டியாந்துட்ட? சினிமா கினிமா எடுக்கப் போறியா?"

"கோடை வெயிலுக்கும் காய் கட்டும்னு நீங்கதான சொன்னீக?"

"சொன்னேன். விதை முளைச்சுச்சா இல்லையா? முளைச்சிருச்சுல்ல. அதோட என் வேலை முடிஞ்சுச்சு. பில்லுல அடியில என்ன போட்டிருக்குன்னு தம்பிய வாசிக்கச் சொல்லு."

வாசித்தேன். 'விளைச்சலுக்கு நாங்கள் உத்தரவாதம் இல்லை' என்று அச்சடித்திருந்தது. ராசம்மாள் பில்லை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அச்சில் இருந்தால் அது சட்டம்தான் என்று அவர் நினைத்தார். அன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

தேனியில் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரை எனக்குத் தெரியும். மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். அவர் பில்லைப் பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார்.

"இப்படி அச்சடிச்சுட்டா பொறுப்பு போயிருமா? கோடையில காய்க்கும்னு சொல்லி வித்தா, அதுக்கேத்த விதையா இருக்கணும். அந்த உத்தரவாதத்த யாரும் எழுதித் தர வேண்டியதில்லம்மா. வித்த நிமிஷமே அவரு தலையில வந்து உக்காந்துரும். நஷ்டஈடு கேக்கலாம்."

"அப்ப காரண்டி கார்டு எதுவும் வேண்டாமா சார்?"

"வேண்டாம். ஆனா அதிகாரி வந்து தோட்டத்தப் பாத்து ரிப்போர்ட் தரணும். அதுவரைக்கும் உழுதுறாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் ராசம்மாள் அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. "உழக்கூடாது." தோட்டக்கலை அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஆய்வுக்கு அடுத்த திங்கட்கிழமை என்றார்கள்.

இடையில் விதைக்கடை முதலாளி ஆள் விட்டிருக்கிறார். இலவசமாக டிராக்டர் அனுப்புகிறேன், உழுதுவிட்டுப் புது விதை போடட்டும் என்று. வந்தவரை ராசம்மாள் வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். "ஒங்க டிராக்டரு இங்கன இறங்குச்சுன்னா டயர்ல காத்து இருக்காதுன்னு சொல்லு." இதைக் கேட்டபோது வழக்கு நிற்கும் என்று நான் நம்பினேன்.

திங்கட்கிழமை

பதினொரு மணிக்கு அதிகாரியின் ஜீப்பில் போய் இறங்கினோம். தோட்டம் மொட்டையாக இருந்தது. கடித்த தண்டுகள், குளம்படிகள், சாணி.

"உழுதுட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லையே சார். ஒரு சால் ஓட்டல. அங்கன பாருங்க, பாத்திகூட அப்படியே இருக்கு."

"செடி எங்கம்மா?"

"கிடை போட்டேன் சார். மலைமாட்டுக்காரரு வெள்ளிக்கிழம வந்தாரு. வேண்டாம்னா கூடலூருப் பக்கம் ஓட்டிட்டுப் போயிருவாக. பெறகு அடுத்த வருசந்தான். எல எப்படியும் வீண்தான, மாடாவது திங்கட்டும்னு..."

எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உழக்கூடாதுன்னுதான சொன்னாக?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்க வேண்டும். மலையடிவாரத்திலிருந்து இறங்கும் மாடுகளை இரவில் வயலில் அடைத்து வைப்பதுதான் கிடை. அந்தச் சாணியும் கோமியமும் அடுத்த வெள்ளாமைக்குப் பாதி உரம். மாடுகள் வரும் முறையை நாம் மாற்ற முடியாது. வந்த கிடையைத் திருப்பி அனுப்பும் விவசாயி இங்கே இல்லை. நஷ்டஈடு வரும், குத்தகை கைவிட்டுப் போகாது என்ற நம்பிக்கையில்தான் அவர் மண்ணுக்கு உரம் சேர்த்தார்.

'ஆய்வின்போது பயிர் இல்லை' என்று அதிகாரி எழுதினார். வேறு எழுத வழியில்லை. ராசம்மாளுடன் மறுபடி தேனிக்குப் போய், தோட்டத்தை முதன்முதலில் பார்த்த அன்று நான் எடுத்த படத்தை வக்கீலிடம் கொடுத்தேன். "இதுல கோஸ் இலை இருக்கு. யாரு தோட்டம், எந்த விதைன்னு இல்லையே" என்றார். வழக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நிற்பது கஷ்டம் என்றும் சொன்னார். ராசம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"விடுங்க தம்பி. மாடு தின்னதுக்கு யாரக் குத்தஞ் சொல்ல?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சட்டத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் எதைச் செய்யக்கூடாது என்பதோடு நிறுத்தக்கூடாது. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அதிகாரி பார்க்க வருவது செடியை, மண்ணை அல்ல என்ற ஒரு வாக்கியம் தேனியிலிருந்து சுருளிப்பட்டி வரைக்கும் வந்து சேரவில்லை.

ஆனியில் அந்த நிலத்தை வேறொருவர் குத்தகைக்கு எடுத்தார். பீட்ரூட் போட்டார். நன்றாக விளைந்தது.