சனிக்கிழமை ராத்திரிக்கு ஒரு வழக்கு

உசிலம்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் சோலை, மதுரைக் குடும்பநல நீதிமன்றத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் கவிநிலா சனிக்கிழமை ராத்திரி தன் வீட்டில் தூங்க வேண்டும். மணவிலக்குக்குப் பிறகு ஏழு வயதுப் பிள்ளை வண்டியூரில் தாய் சுகந்தியோடு இருந்தது. ஞாயிறு காலையில் வரும். விளக்கு வைக்குமுன் போய்விடும். தனி ஆளிடம் பெண்பிள்ளையை இரவில் விடலாமா என்று பார்த்துச் சொல்ல, நீதிமன்ற ஆலோசகர் அகிலாண்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்தது.

"பொம்பள இல்லாத வீட்டுக்கு எந்தக் கோர்ட்டுடா பொம்பளப் புள்ளய அனுப்பும்? நான் வாரேன், இரு" என்று திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறிவிட்டாள் அக்கா செல்லக்கிளி. வந்ததும் நாலு சேலையை நனைத்துக் கொடியில் போட்டாள். சோலைக்கு உறுத்தியது. ஆனால் ஒருவன் நல்ல தகப்பன் என்பதை வேறு எதைக் காட்டித்தான் நிரூபிப்பது?

அகிலாண்டம் வந்து உட்கார்ந்தார்.

"நான் இங்கனதான் மேடம் தம்பி கூடவே இருக்கேன். மூணு வருசமா" என்று சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனாள் செல்லக்கிளி. டப்பா டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கவிநிலா எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனது.

"அத்த, அது ரவை. சீனி மேல இருக்கு. எறும்பு வருதுன்னு அப்பா அங்கதான் வைக்கும்."

அகிலாண்டம் சிரிக்கவில்லை. "மூணு வருசமா ஒரு டீ கூடப் போடலையாம்மா?" என்றார்.

சோலை தானே போய் டீ போட்டு எடுத்துவந்தான். "அக்கா திருமங்கலத்துல இருக்குங்க மேடம். வீட்டுல பொம்பள இல்லைன்னு எழுதிப்புடுவீகளோன்னு பயந்துட்டேன்."

"பிள்ளைக்கு உடம்பு முடியலைன்னா தனியா என்ன செய்வீங்க?"

"போன மாசம் இங்க இருக்கயில காய்ச்சல் வந்துச்சுங்க. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, அவுக அம்மாவுக்கும் போனப் போட்டேன்."

"அதையே கேஸ்ல உங்களுக்கு எதிராப் பேசுவாங்கன்னு தோணலையா?"

"தோணுச்சு. ஆனா பாப்பா அம்மாவத்தான கேட்டுச்சு."

அடுத்த வாய்தாவில் அகிலாண்டத்தின் அறிக்கையில் அக்கா சொன்ன பொய், காய்ச்சலுக்குப் போட்ட போன் இரண்டும் இருந்தன. நீதிபதியம்மா பொய்யில்தான் தொடங்கினார். "விசாரிக்க வந்தவங்ககிட்டயே நாடகமா? உங்களை நம்பி எப்படிப் பிள்ளையை விடறது?"

எதிர்ப்பக்கம் நின்ற சுகந்தியிடம் திரும்பினார் நீதிபதி. "காய்ச்சலுக்கு போன் பண்ணினாரா?"

"பண்ணுனாருங்கம்மா" என்றாள் அவள். பிறகு அவளாகவே, "நான் போற வரைக்கும் புள்ளைய மடிய விட்டு எறக்கல" என்றாள்.

பிள்ளை தாயிடமே இருக்க வேண்டும், சனிக்கிழமை இரவுகள் மட்டும் தகப்பன் வீட்டில் என்று உத்தரவானது.

வெளியே படியிறங்கும்போது சுகந்தி நின்றாள். "லைட்ட முழுசா அணைச்சுறாதீங்க, பயப்படுவா. உருண்டு விழுவா, சுவரோரமாப் படுக்கப் போடுங்க."

இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. ராத்திரியில் தூங்குகிற மகளைப் பார்த்தே மூன்று வருடமாகிவிட்டது.

"வேற?" என்றான்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வண்டியூர் பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பியும் போனது. அவன் மறுபடியும் "வேற?" என்றான்.