பர்மாவில் கொடுத்த சீனி

எங்கள் அப்பாவின் தலைத் திவசத்துக்கு வந்து, பந்தியில் அமர்ந்து எழுந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் அப்பாவின் சிநேகிதர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். மலரோடு ஒரு சிறு பொட்டலமும் தந்திருக்கிறோம். திவச வீட்டில் இது என்ன புது வழக்கம் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். இதைப் படித்து முடித்த பிறகு பொட்டலத்தைப் பிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா சீவலப்பேரியில், யுத்த காலத்தில், ஒரு பங்குனி மாதம் பிறந்தார். அப்போது அவருடைய தகப்பனார் ஊரில் இல்லை. கூலிக்கு நாற்று நட்டும் களை பறித்தும் வயிறு நிறையாமல், ரோடு போடும் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போயிருந்தார். அவரைப் பட்டாளத்துத் தாத்தா என்றே எங்கள் வீட்டில் சொல்வோம். போனவர் திரும்பி வரவில்லை. செத்தார் என்று சேதியும் இல்லை, இருக்கிறார் என்று கடுதாசியும் இல்லை. அப்பாவைப் பெற்ற ஆச்சி தாலியும் குங்குமமுமாகக் காத்திருந்தார்.

அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் ஆச்சியின் அண்ணன். அப்பாவுக்கு அவர் தாய்மாமா. பிறகு தன் மகளையே கட்டிக் கொடுத்ததால் மாமனாரும் ஆனார். அந்த மகள்தான் எங்கள் அம்மா. அம்மாவைப் பெற்றவர் என்ற முறையில் எங்களுக்கு அவரும் தாத்தா என்பதால், குழப்பம் வராமல் இருக்க வீட்டுத் தாத்தா என்று எழுதுகிறேன்.

தகப்பனாரைப் பற்றி அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு சங்கதி. அதுவும் வீட்டுத் தாத்தா சொன்னது. லீவில் வந்த ஒரு பட்டாளக்காரர் சொல்லிவிட்டுப் போனாராம். ஊரில் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்ற சேதி கிடைத்ததும் பட்டாளத்துத் தாத்தா முகாம் முழுக்கச் சீனி வாங்கிக் கொடுத்தாராம். பிள்ளை பிறந்தால் அக்கம்பக்கத்தார் வாயில் சீனி போடுவது நம் ஊர் வழக்கம்தானே. அதைப் பர்மாக் காட்டிலும் விடாமல் செய்தாராம். அப்பன் முகமே பார்க்காத பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? அப்பா இந்தச் சீனியை வைத்துத்தான் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

படிப்பு முடிந்ததும் அப்பா பஸ் கண்டக்டர் ஆனார். சீவலப்பேரிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் அவரிடம் டிக்கெட் வாங்காதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. கிழவிகளுக்காக விசிலை ஒரு நிமிஷம் தாமதமாக ஊதுவார். கோபம் வரும், ஆனால் அடுத்த நிறுத்தத்துக்குள் இறங்கிவிடும். பழகிய பயணியிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் பர்மாச் சீனியில்தான் வந்து நிற்கும்.

பஸ் நிலையத்து டீக்கடை அண்ணாச்சி ஒருவர் அப்பாவைச் சீண்டியபடியே இருப்பார். "யுத்த காலத்துல இங்கன கருப்பட்டிக்கே நாய்படாத பாடு. அங்கன உங்கப்பாவுக்கு மட்டும் மூட்டை மூட்டையாச் சீனி கெடச்சுதாக்கும் வே?"

"சர்க்கார் சீனி வே. பட்டாளத்துக்குத் தராம வேற யாருக்குத் தருவான்?" என்பார் அப்பா. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்று நானே சிறு வயதில் நினைத்ததுண்டு. அப்பாவிடம் சொல்ல மனம் வந்ததில்லை.

ஆடி அமாவாசை வந்தால் எல்லாக் கண்டக்டர்களும் லீவு கேட்பார்கள். அப்பா மட்டும் டூட்டி கேட்டு வாங்குவார். சீவலப்பேரியில் சிற்றாறும் தாமிரபரணியும் சேருமிடத்தில் செத்த தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட ஜனம் ஜனமாக அந்த பஸ்ஸில்தான் வரும். ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் தான் மட்டும் படித்துறையில் காக்கிச் சட்டையோடு நிற்பார். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத மகன் யாருக்குத் தண்ணீர் விடுவான்?

வீட்டுத் தாத்தாவும் அன்று அதே பஸ்ஸில் வந்து தன் பெற்றோருக்குத் தர்ப்பணம் செய்வார். எல்லாம் முடிந்து ஐயர் எழுந்த பிறகும், தனியாக இன்னொரு கை தண்ணீர் விடுவார். அப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். "அது யாருக்கு மாமா?" அதற்கு அவர், "நாதியத்துச் செத்தவனுக்கு ஒரு கை விடணும்லா" என்றாராம்.

ஆச்சி காலமானபோது சுமங்கலியாகவே போனார். அப்பாதான் மஞ்சள் பூசச் சொல்லி, கூறைச் சேலை உடுத்தச் சொல்லி, மல்லிகைப் பூவோடு தாயை எடுத்துச் சென்றார். அதன் பிறகு தேடல் இன்னும் மும்முரமானது. ஓய்வு பெற்ற பட்டாளக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவார். ராணுவ அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். படைப்பிரிவு என்ன, ஆளின் நம்பர் என்ன என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டும் எங்களிடம் இல்லை. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நம் ஜில்லாவில் அந்தப் பெயருக்கு என்ன பஞ்சம்? ஒரு பதிலில் அப்படி ஒருவரே இல்லை என்றிருந்தது. அன்று அப்பா, "அப்ப நான் யாருக்குப் பொறந்தேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

அவருக்குத் தெரிய வேண்டியதும் அதிகமில்லை. என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். "அவரு வேற குடும்பம் கட்டியிருந்தாக்கூட எனக்கு வருத்தமில்லட்டி. நான் பொறந்தது அவருக்குத் தெரியும். அது போதும். பொறவு எங்க போனாரு, எப்ப போனாரு, அதத்தான் கேக்கேன்."

பாளையங்கோட்டையில் என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், போரில் இறந்தவர்களின் பெயர்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் தேடினேன். அந்தப் பெயர் ஏராளமாக வந்தது. ஒன்றில் மட்டும் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், சீவலப்பேரி, திருநெல்வேலி ஜில்லா. ஆச்சியின் பெயர் ஆங்கில எழுத்தில், பர்மாவில் போர் நினைவிடத்துக் கல்தூணில் வெட்டியிருந்த பெயருக்குத் துணையாக நின்றது.  "அப்பா, கெடச்சுட்டாங்க" என்று கத்தினேன். தேதியை வாசித்துக் காட்டி, பழைய பஞ்சாங்கத்தில் பார்த்து மாசி மாதம், தேய்பிறை என்றும் சொன்னேன். அவர் பிறந்த அதே வருஷத்து மாசி.

அப்பா விரல் மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஏட்டி, மாசி கழிஞ்சுதான பங்குனி?"

ஆமாம் என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"அப்ப, சீனி?"

 அடுக்களை வாசலில் நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அன்று சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

"தந்தி வந்தப்ப அத்தைக்கு நெறமாசம். எங்கப்பாதான் வாங்கி மடியில சொருகிக்கிட்டாவ. வயித்துப் பிள்ளக்காரிட்ட எப்படிச் சொல்ல, பொறக்கட்டும்னாவ. பொறந்தது. தீட்டுக் கழியட்டும்னாவ. பச்ச ஒடம்புக்காரி, பால் வத்திரும்னாவ. பிள்ள பொறந்ததத் தெரிவிச்சாச்சா, அவரு என்ன சொன்னாருன்னு அத்தை தெனமும் கேட்டாவளாம். அதுக்குச் சொன்னதுதான் அந்தச் சீனி. சொன்ன பொறவு உள்ளதச் சொல்ல எங்கப்பாவுக்கு வாயே வரல."

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

"எங்கப்பா சாகும்போது சொன்னாவ. தங்கச்சி பூவோட போகணும், அதுவரைக்கும் வாயத் தெறக்காதன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

"அம்மை போயி எத்தன வருசமாச்சு. பொறவாவது சொல்லிருக்கலாம்லா."

"அந்தச் சீனியச் சொல்லும்போதுதான் உங்க மொகம் மலரும். அதப் புடுங்குறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல" என்றார் அம்மா.

அப்பா கோபப்பட்டிருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோனபோது, சீனி வேண்டாம் என்றார். சர்க்கரை நோய் இல்லாத மனிதர். அதன் பிறகு கடைசி வரை கசப்பாகத்தான் குடித்தார். அம்மாவும் அன்றிலிருந்து சீனி சேர்ப்பதில்லை.

அந்த வருஷத்து ஆடி அமாவாசைக்குத் தம்பியும் நானும் அப்பாவைப் படித்துறைக்குக் கூட்டிப் போனோம். எள் வாங்கி வைத்திருந்தோம். அப்பா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஒரு கை அள்ளினார். அள்ளிய தண்ணீரை அப்படியே ஆற்றில் நழுவவிட்டு மேலே ஏறிவிட்டார்.

"எங்கம்மைய மஞ்சளும் பூவுமா அனுப்பி வச்சேன். இப்பப் போயி நான் தண்ணி விட்டா, அவ தாலிய நானே அறுத்த மாதிரி ஆயிரும்லா" என்றார். மாமா இத்தனை வருஷம் மூடி வைத்ததன் அருமை அன்றுதான் விளங்கியது என்றும் சொன்னார். நாதியற்றவனுக்கு என்று அவர் விட்ட ஒரு கை தண்ணீர் யாருக்கு என்பது அப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு அவர் தேறவில்லை. மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வைத்தியத்தில் குறை ஒன்றும் இல்லை. தேடுவதற்கு இனி ஒன்றுமில்லாத மனிதருக்கு எழுந்து நடமாடக் காரணம் இல்லாமல் போயிற்று என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்த என் கையை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

கடைசியாகத் தெளிவோடு பேசிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொறந்தது தெரியாமலே போயிட்டாரு, என்னட்டி?" என்றார். தெரிந்திருக்கும் அப்பா, எப்படியாவது தெரிந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வீட்டுத் தாத்தாவுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இல்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் தம்பியிடம் மூன்று தலைமுறை கேட்டார். "அப்பா பேரு சொன்னேள். அப்பாவோட தோப்பனார் இருக்காரா, இல்லையா?" எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். தம்பி என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது நம் வீடுகளில் வழக்கமில்லை. தம்பிக்குத் தாத்தா பெயரையே வைத்ததால் பெற்ற மகனைக்கூட அம்மா தம்பி என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மா, "இல்ல சாமி, காலமாயிட்டாவ" என்று சொல்லி, பெயரையும் சொன்னார். தம்பி எள்ளும் தண்ணீரும் விட்டான். தன் தகப்பனாருக்குப் பெயர் சொல்லி ஒரு கை தண்ணீர் கிடைப்பதற்கு எங்கள் அப்பா சாக வேண்டியிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவை அப்பா என்றே அழைத்துப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாமார்களுக்கும், காக்கிச் சட்டையோடே வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும், தெரியாது என்று சொன்னாலும் ஒரு வாய் காப்பி தராமல் அப்பாவை அனுப்பாத பழைய பட்டாளக்காரர்களின் வீடுகளுக்கும், வருஷம் முழுவதும் அம்மாவைத் தனியே விடாத தெருக்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பஸ்ஸில் அந்தச் சீனிக் கதையை எத்தனை முறை கேட்டாலும், புதிதாகக் கேட்பதுபோல் கேட்ட பயணிகளுக்கும்தான்.

இனி பொட்டலத்தைப் பிரிக்கலாம். அதில் இருப்பது சீனி. திவச வீட்டில் சீனி கொடுப்பார்களா, ஊர் சிரிக்காதா என்று தம்பி கேட்டான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அம்மா தன் கையாலேயே மடித்துக் கட்டினார். இது பர்மாவில் கொடுக்காத சீனி. கொடுக்க வேண்டியவருக்குச் சேதி போய்ச் சேரவில்லை, அதனால் அவர் சார்பில் நாங்கள் கொடுக்கிறோம். ஒரு சிட்டிகையாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டாளத்துத் தாத்தாவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது.