இடது பக்கத்துக் குரல்

"உனக்குத் தமிழ் வாசிக்க வருமாமே?"

மும்பை மாட்டுங்காவில் வெங்கடேஸ்வரன் சார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வரும் என்று தலையாட்டினேன். வராது என்று ஆட்டியிருக்கலாம். இனி நான் சொல்வதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. கட்டுவதாக இருந்தால் இவ்வளவு அசிங்கமாகக் கட்டியிருக்க மாட்டேன்.

என் அண்ணன் சாஜன் பி.காம். படிக்கிறான். நான், ஸ்வீட்டி, ஒன்பதாவதோடு நின்றவள். ஆனால் தாராவியில் தமிழ்ப் பள்ளிக்குப் போனதால் எனக்குத் தமிழ் எழுத்து தெரியும். இங்கிலீஷ் மீடியம் படித்த அவனுக்குத் தெரியாது. அவன் சேர்ந்திருந்த மாணவர் நாடகக் குழுவில், அதை நடத்தும் சாரைத் தவிர யாருக்குமே தெரியாது. மழைக்காலத்து ஞாயிறுகளில் மாலை நான்கு மணிக்கு அவர்கள் நகைச்சுவை நாடகம் போடுவார்கள். வசனத்தை ஒருவரும் மனப்பாடம் செய்வதில்லை. திரை ஓரத்தில் ஒருவர் நின்று, தாளைப் பார்த்து மெல்லச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததை அவர்கள் அப்படியே சத்தமாகச் சொல்வார்கள், செய்வார்கள். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று யோசிக்க நேரம் இருக்காது.

"நீ சத்தம் போடவே வேண்டாம். காதுல விழுந்தா போறும்," என்றார் சார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மேடையின் வலது ஓரம் என் இடம் ஆனது. இடது ஓரத்தைப் பலகை வைத்து ஆணியடித்து மூடியிருந்தார்கள். எலித் தொல்லை என்றார்கள்.

அந்த ஹாலே எனக்குக் குமட்டும். ஜன்னல் இல்லை. சுவரெல்லாம் ஈரம். ஒட்டு மீசைப் பசையின் நாற்றம். சாஜனுக்குத் தின்னிச் சம்பந்தி வேடம். அவன் இடுப்பில் கட்டும் துணித் தொந்தியைப் போன வருடத்திலிருந்து யாரும் துவைக்கவில்லை. யாருடைய வியர்வையோ அதில் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அதைக் கட்டிவிட்ட பிறகு இரண்டு தடவை சோப்புப் போட்டாலும் என் கையில் வாடை போகாது. லட்டுக் காட்சிக்கு நிஜ லட்டு கிடையாது. பாவ் ரொட்டியை மஞ்சள் கலந்த சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, உருட்டி வைப்பார்கள். யாரோ ஒருமுறை மென்று துப்பியது போலவே இருக்கும்.

முதல் ஞாயிறு. மேடையில் எல்லோரும் பேசாமல் நிற்கும் ஓர் இடம் உண்டு. அப்போது எதிர்ப்பக்கம் கேட்டது.

ச்சப்... ச்சப்... ச்சப்...

பலகைக்குப் பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி மெல்லும் சத்தம். எலி இப்படியா மெல்லும்?

இரண்டாம் ஞாயிறு. நான் சொல்வதற்கு முன்பே சாஜன் வசனத்தைச் சொல்லிவிட்டான். ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். பல தடவை.

"மனப்பாடம் பண்ணிட்டியாண்ணே?" என்று இடைவேளையில் கேட்டேன்.

"நீதானட்டி சொன்னே. ஆனா வாயில என்னத்தப் போட்டுட்டுப் பேசுத? ச்சீ, அசிங்கமா இருக்கு. துப்பிட்டுப் பேசு."

என் வாயில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் ஞாயிறு. ஹால் நிறைந்திருந்தது. சார் முன்வரிசையில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். சரியாக ஐந்து மணிக்கு லட்டுக் காட்சி. தாளில் இருப்பது இவ்வளவுதான்: சம்பந்தி மூன்று லட்டு தின்று ஏப்பம் விடுகிறார்.

சாஜன் மூன்றாவதை வாயில் போட்டான். கூட்டம் சிரித்தது. நான் அடுத்த வரிக்கு வாயெடுத்தேன்.

இடது பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"இன்னொண்ணு போடு."

ஆண் குரல். வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு... எச்சில் சொதசொதக்க...

சாஜன் நான்காவதை எடுத்தான்.

"நிறுத்தாதே. எல்லாரும் சிரிக்கறா பார்."

ஐந்தாவது...

அவன் விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பின. கண் பிதுங்கியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டான். கூட்டம் விசிலடித்தது. யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

"நிறுத்தாதே."

முகம் கறுத்தது.

"நிறுத்தாதே."

அவன் கை தட்டைத் தடவியது...

நான் மேடைக்கு ஓடினேன்.

"போதும்ணே," என்று அலறினேன். ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். முதுகில் ஓங்கி அடித்தேன். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். சூடான, கொழகொழத்த உருண்டைகள் என் உள்ளங்கையில் விழுந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இதையும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

சாஜனுக்கு மூச்சு வந்தது.

கையைப் பார்த்தேன். மூன்று உருண்டை மஞ்சள். கடைசியாக வந்தது கறுப்பு. கல்லாக இறுகி, மேலே பூசணம் மயிர் மயிராக... அது அன்றைக்கு உருட்டியது இல்லை.

மேக்கப் போடும் அன்னமேரி அக்கா எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சாஜன் ஒரு வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"போன வருசமும் இதே நாடகந்தான், பிள்ள. வாசிம்னு ஒரு பையன். இதே தொந்தி, இதே லட்டு. தொண்டையில அடைச்சிட்டு. சனம் சிரிச்சிக்கிட்டே இருந்திச்சு. திரை போட்டப்புறந்தான் பாத்தோம், உயிரு இல்ல. வெளிய கேட்டவங்ககிட்ட, படியில விழுந்து செத்துட்டான்னு சொல்லிட்டாவ."

"அப்ப வசனம் சொன்னது யாரு அக்கா?"

"யாரு, சார்தான். அந்த எடது பக்கம் நின்னு. வேற யாரும் அங்க நிக்கல. மறுநாளே பலகை அடிச்சாச்சு."

கதவு திறந்தது. சார். கையில் நிஜ லட்டுப் பெட்டி. வாளியை அவர் பார்க்கவே இல்லை.

"பிரமாதம் ஸ்வீட்டி. நீ ஓடி வந்து அடிச்சியே, அதை அடுத்த வாரமும் வெச்சுக்கலாம். எல்லாரும் எப்படிச் சிரிச்சா தெரியுமோ?"

சொல்லிக்கொண்டே ஒரு முழு லட்டைத் தன் வாயில் போட்டார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பயத்தைவிட அந்தக் குமட்டல்தான் என்னைப் பேச வைத்தது.

"சார், இடது பக்கமிருந்து ஒரு ஆளு வசனம் சொன்னாரு. வாய் நிறைய அடைச்சிக்கிட்டு."

மென்றபடி என்னைப் பார்த்தார்.

"'இன்னொண்ணு போடு. நிறுத்தாதே. எல்லாரும் சிரிக்கறா பார்'னு சொன்னாரு."

போன வருடம் தான் சொன்னதையே திரும்பக் கேட்டவர்போல மெல்லுவதை நிறுத்தினார்.

அவர் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. விழுங்கவில்லை. துப்பவும் இல்லை. கடைவாயில் மஞ்சளாக எச்சில் வழிந்தது. பெட்டியை நாற்காலியில் வைத்தார். வாய் நிறைய அந்த லட்டோடு படியிறங்கிப் போனார்.