ஹாக்கிப் பயிற்சியை வேவு பார்த்த மூன்று நாள்

துணி வாங்கினால் உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பார்த்த பிறகுதான் விலையையே கேட்பேன். தையல்காரியின் புத்தி அது. பிள்ளை விஷயத்தில் மட்டும் சும்மா இருந்துவிடுவேனா? எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடக்கடைசி விடுமுறை. பக்கத்து டவுனான சுங்கைப் பட்டாணியின் திடலில் சிறுபிள்ளைகளுக்குப் புதிதாக ஹாக்கிப் பயிற்சி தொடங்கினார்கள். ஒன்பது வயது மகளை அதற்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டிய அவருக்கு எதற்கும் சம்மதம்தான். மகள் யானை வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

போட்டிகளெல்லாம் ஆண்டின் முற்பாதியிலேயே முடிந்துவிடும். போட்டியே இல்லாத மாதத்தில் பயிற்சி எதற்கு என்று எனக்கு ஒரே குழப்பம். அவசரமில்லாத அந்த நாட்களில்தான் அடிப்படையை ஒழுங்காகச் சொல்லித்தர முடியும் என்று பள்ளியில் கொடுத்த தாளில் அச்சடித்திருந்தார்கள். முதல் மூன்று நாள் வெள்ளோட்டம். பிடிக்காவிட்டால் நாங்கள் நின்றுகொள்ளலாம். சரிவராத பிள்ளையை அவர்களும் அனுப்பிவிடலாம். அந்தக் கடைசி வரியைத்தான் என் மகள் திரும்பத் திரும்பப் படித்தாள். இரண்டு மாதமாக அவள் விளக்குமாற்றுக் கம்பால் ரப்பர் கொட்டைகளை அடித்து அடித்து, சுங்கை லாலாங் தோட்டத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கொட்டைகூட மிஞ்சவில்லை.

முதல் நாள் திடலோரத்து மரத்தடியில் தையல் பையோடு உட்கார்ந்தேன். பள்ளிச் சீருடைக்கு ஆள் மேல் ஆள் வரும் மாதம் அது. கை அதன் பாட்டுக்குப் பித்தான் தைக்க, கண் திடலை வேவு பார்த்தது. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, பெண்பிள்ளைகள் ஒதுங்க இடம் இருக்கிறதா, பயிற்சியாளர் வாயில் கெட்ட வார்த்தை வருகிறதா? எல்லாவற்றிலும் தேறிவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது எனக்கு உள்ளூர ஏமாற்றமாகக்கூட இருந்தது. பயிற்சியாளர் ஏதோ ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். முப்பது வயதிருக்கும். பிள்ளைகளிடம் மலாயும் தமிழும் கலந்து பேசினார், குரலை உயர்த்தவே இல்லை.

ஆனால் என் மகள் ஆடவில்லை. மட்டையைப் பிடித்தபடி நின்றாள், அவ்வளவுதான். பந்து வந்தால் தட்டினாள், தட்டியது எங்கோ போயிற்று. வாசலில் கொட்டையைக் குறிபார்த்து அடித்தவள்தானா இவள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாம் நாளும் அதே கதை. அன்று அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டே நாளில் பிள்ளையைப் பின்னால் தள்ளும் பயிற்சி என்ன பயிற்சி? டவுன் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயமா? நாளைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவுகட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் பிள்ளைகள் ஓடத் தொடங்குவதற்குள் போய்ப் பயிற்சியாளரிடம் கேட்டும் விட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர், என் மகள் வீட்டில் எந்தக் கையால் வேலை செய்வாள் என்று விசாரித்தார். எல்லாரையும் போலச் சோற்றுக்கையால்தான் என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

"இல்லக்கா," என்றார். "யாரும் பாக்காதப்ப பந்தை இடது கையாலதான் எடுத்து எறியிறா. எங்க மூஞ்சியப் பாத்தா உடனே கைய மாத்திக்கிறா. இந்த ஆட்டத்துல மட்டையத் திருப்புறதே மேல இருக்குற இடது கைதான்லா. சோத்தாங்கை சும்மா தாங்கிப் புடிக்கும். மத்த பிள்ளைங்களுக்கு அந்தக் கைய வேலை செய்ய வைக்கத்தான் நான் தலைகீழா நிக்கிறேன். இவளுக்கு அதுலதான் பலம், ஆனா அது செத்த கை மாதிரி கிடக்கு. ஏன்னு நீங்களே கேளுங்க."

கேட்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. மூன்று வயதிலேயே பென்சிலுக்கு அந்தக் கையைத்தான் நீட்டினாள். ஒரு கல்யாண வீட்டில் அவள் இடது கையால் சந்தனக் கிண்ணத்தை நீட்ட, ஒரு பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையை இப்படியா வளர்ப்பது என்று நாலு பேர் காதில் விழச் சொல்லவும் செய்தார். அன்று நான் கூனிக் குறுகிப் போனேன். வீட்டுக்கு வந்ததும் மிஞ்சிய சீருடைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்தேன். மணிக்கட்டில் இழுத்துக் கட்ட நாடா வைத்தேன். சாப்பிடும்போதும் எழுதும்போதும் அவள் இடது கை அந்தப் பைக்குள் கிடந்தது. பையை விட்ட பிறகு, அந்தக் கை நீண்டால் தையல் அளவுகோலால் ஓர் அடி. வெளியில் கிளம்பும்போதெல்லாம் ஒரே பாடம்: "நாலு பேரு முன்னால பீச்சாங்கைய நீட்டாத." ஹாக்கிக்குக் கிளம்பிய மூன்று காலையும் அதையேதான் சொன்னேன். பிள்ளை என் சொல்லைத் தட்டவில்லை. அதற்காகத் தன் ஆசையையே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களின் தண்ணீரையும் கழிப்பறையையும் சோதித்த எனக்கு என்னைச் சோதிக்கத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்க முடியாமல், "நான்தான் சார்" என்று மட்டும் சொன்னேன். வரிசையில் நின்றிருந்த மகளைக் கூப்பிட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அவள் பயந்துகொண்டே வந்தாள். அனுப்பிவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். நான் அவள் உயரத்துக்குக் குனிந்து, சார் சொல்கிறபடி இடது கையை நன்றாகப் பயன்படுத்து, நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாரும் பாக்குறாங்களேம்மா."

"பாக்கட்டும்."

"வீட்டுல?"

சாப்பாட்டை மட்டும் என்னால் அப்போது விட்டுக்கொடுக்க முடியவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுவது சோற்றுக்கையால்தான், எழுதுவதும் வரைவதும் உன் இஷ்டம் என்றேன். அவள் அதை மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்:

"அடிக்க மாட்டியே?"

மாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மட்டையின் மேல்முனையில் இடது கையை வைத்து இறுக்கிக்கொண்டு, இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் திடலுக்குள் ஓடினாள்.