குருவி போட்ட கொய்யா

ராக்காயி கையிலிருந்து எது விழுந்தாலும் முளைக்கும் என்று மேற்கணக்கு லயத்தில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மைதான். ஆனால் முளைத்தது எதுவும் நின்றதில்லை, நிற்க விட்டதும் இல்லை. வட்டவளைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம் விட்டிருந்தார்கள். போஞ்சி போடலாம், லீக்ஸ் போடலாம், கோவா வைக்கலாம், ஆசைக்கு இரண்டு டேலியாவும் வைத்துக்கொள்ளலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் வைத்தவர்கள் நாளைக்கு மண்ணும் எங்களுடையது என்பார்களாம். காட்டை வெட்டி மலையைத் தேயிலையாக்கிய சனத்துக்கு ஒரு கன்று ஊன்ற உரிமை கிடையாது. என்ன நியாயமோ, அதைச் சொன்னவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கொழுந்தெடுத்துத் தேய்ந்து, தோட்டத்துச் செக்ரோல் ஏட்டில் பேர் வெட்டி, வேலை நின்று வீட்டோடு இருந்தாள் ராக்காயி. புருஷன் கவ்வாத்துக்காரன்; அவன் போன பிறகு அவனுடைய கவ்வாத்துக் கத்தி மட்டும் சுவரில் தொங்கியது. மகள் கொழும்புப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். மிச்சம் அந்தத் துண்டு நிலம்தான்.

அடுத்த துண்டு மீனம்மாவுடையது. நடுவில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான். மீனம்மா இளையவள், இன்னும் மலைக்குப் போகிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணிக் கோப்பையோடு அவள் கானுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள், இந்தப் பக்கம் ராக்காயி. பன்றி வந்து கிழங்கைத் தோண்டிய கதை, நத்தை கோவாக் குருத்தைத் தின்ற கதை, மைனா கூட்டில் குஞ்சு கத்துகிற கதை எல்லாம் அங்கே நடக்கும். ஒருத்தி பீட்ரூட் நாற்றுக் கொடுத்தால் மற்றவள் போஞ்சி விதை கொடுப்பாள். ஒருத்தியின் செடி பட்டுப்போனால் இருவரும் சேர்ந்து மழையைத் திட்டுவார்கள். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருக்க மாட்டார்கள்.

ஒருநாள் கான் ஓரத்தில் ஒரு முளை. ராக்காயி களை என்றுதான் குனிந்தாள். பார்த்தால் கொய்யா. சின்னதாய்ச் சிவப்புப் பழம் காய்க்குமே, அந்தச் சாதி. பிடுங்கக் கை போனபோது வேலிக் கம்பியில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்து கத்தித் தீர்த்தது. போடு போடு என்று ஏசுகிற மாமியார் மாதிரி இருந்ததாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள். அவள் செய்த தப்பு அதுதான் என்றால், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கன்று இடுப்பளவு வந்தபோது, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பார்த்துவிட்டார். நிரஞ்சன் என்று பேர், வயசுப் பையன், கெட்டவர் இல்லை. யார் வைத்தது என்று கேட்டார்.

"நான் வைக்கலைங்கய்யா. குருவி போட்டுச்சு."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியானால் குருவிக்கும் செக்ரோலில் பேர் பதிய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து லயம் முழுக்க அதற்குக் குருவிமரம் என்றே பேராகிவிட்டது.

மரம் அவள் தலையைத் தாண்டிய நாளில் ராக்காயி வெளியே போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்க அவள் வைத்ததெல்லாம் முழங்காலுக்கு வளர்ந்து, பிடுங்கி, சட்டிக்குப் போனவை. அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒன்று அவள் மண்ணில் நின்றது அதுதான் முதல்முறை. அடுப்புச் சாம்பலை அதற்குத்தான் கொட்டினாள், அரிசி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றினாள். முதல் பழத்தை இரண்டாக்கிப் பாதியை மீனம்மாவுக்குக் கானுக்கு மேலால் நீட்டினாள். மற்றதெல்லாம் குருவிக்கு. "அது போட்ட மரம், அதுக்குப் போக மிச்சம்தான் நமக்கு" என்பாள். அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

சந்தோஷம் தலைக்கேறினால் நாக்கில் சனி ஏறும் என்பார்கள். ஏறியது.

மழை பெய்தே அழுகிப்போகும் வட்டவளையில் தக்காளி எடுப்பது லேசா? மீனம்மா வருஷா வருஷம் போட்டு வருஷா வருஷம் தோற்றவள். இந்தமுறை பொலித்தீன் கட்டி, தண்டுக்குத் தண்டு கம்பு ஊன்றி, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தாள். காய் பிடித்தது. பழுத்தும்விட்டது. கொய்யாவில் குடியிருந்த கொண்டைக்குருவிகள் கான் தாண்டி இறங்கிப் பழத்துக்குப் பழம் ஓட்டை போட்டன. மீனம்மா அழாத குறையாக வந்து, அந்தப் பக்கம் சாய்ந்த கிளையையாவது வெட்டு அக்கா என்று கேட்டாள்.

கேட்டதில் என்ன பிழை? ஒரு கிளைதானே? ராக்காயி வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. வெட்டாததோடு விட்டாளா, அதுவும் இல்லை.

"ஒன் தக்காளி ஒரு போகத்துல போற சாமான். என்னுது நிக்கிற மரம். அதுக்காக இதை வெட்டுவாங்களாடி?"

மீனம்மா வந்த வழியே திரும்பிப் போனாள். மறுநாள் ஹட்டனுக்குப் போய் நைலான் வலை வாங்கிவந்து தக்காளிப் பாத்திக்கு மேலே கட்டினாள். அவள் மலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கொண்டைக்குருவி வலையில் மாட்டித் தலைகீழாகத் தொங்கித் துடித்தது. ராக்காயிக்கு மனசு கேட்கவில்லை. சுவரிலிருந்த கத்தியை எடுத்துக் கானைத் தாண்டினாள். குருவியை மட்டும் எடுத்துவிட்டிருக்கலாம். ஆத்திரத்தில் வலையையே நீளத்துக்குக் கிழித்துப்போட்டாள். மீனம்மா கூடையோடு திரும்பி வந்தபோது பாத்தியில் நல்ல பழம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த காலை பெரட்டுக்களத்தில், எல்லோரும் கேட்க, கண்டாக்கையாவுக்கு முன்னால் போய் நின்றாள் மீனம்மா. மரத்தால் தனக்கு வந்த நட்டத்தைச் சொன்னாள். குருவி போட்ட மரம்தானே என்று அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். மீனம்மா விடவில்லை.

"விதைய குருவி போட்டுச்சு, சரிங்கய்யா. தண்ணியுமா குருவி ஊத்துச்சு? சாம்பலுமா குருவி கொட்டுச்சு?"

களத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கண்டும் காணாமல் இருந்த விஷயத்தை அத்தனை பேர் காதில் போட்டுவிட்ட பிறகு கண்டாக்கையா என்ன செய்வார்? பின்னேரமே லயத்துக்கு வந்தார். தோட்டத்தை நடத்துகிற தொரை காதுக்குப் போவதற்கு முன் நீங்களே வெட்டிவிடுங்கள், நிலமாவது தப்பும் என்று ராக்காயியிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ராக்காயி இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் கத்தியைத் தீட்டினாள். எத்தனையோ ஆயிரம் தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்த கத்தி அது. கவ்வாத்து என்றால் மறுபடி துளிர்க்க வெட்டுவது. இவள் அடியோடு வெட்டினாள், வேரையும் தோண்டினாள். கூட்டில் முட்டை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். கானுக்கு அந்தப் பக்கம் மீனம்மா நின்று பார்த்தாள். வேண்டாம் அக்கா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. இவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரம் போனது, மண் மிஞ்சியது என்று ராக்காயி மனதைத் தேற்றிக்கொண்டாள். மிஞ்சியதா? அந்த மாதமே அளவு நாடாவோடு ஆட்கள் வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருக்கிற நிலம் முழுக்கத் தோட்டம் எடுத்துக்கொள்ளுமாம், விறகுக்கு யூக்கலிப்டஸ் வைக்கப்போகிறார்களாம். நான்தான் வெட்டிவிட்டேனே ஐயா என்று ராக்காயி கண்டாக்கையாவின் பின்னாலேயே ஓடினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"யாரு வெட்டுனதுன்னு தொரை கேட்டாருங்க. நீங்கதான்னேன். அப்போ நட்டதும் அவங்கதானேன்னுட்டாரு. இதை விட்டா எல்லாரும் நடுவாங்களாம்."

அவ்வளவுதான் கதை. நட்டிருந்தாலாவது நட்டோம் என்று இருக்கும். நடாத மரத்தைத் தன் கையால் வெட்டி, நட்டவள் என்ற பேரையும் தானே வாங்கிக்கொண்டாள் ராக்காயி. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, இவளுக்கு வாரிப்போட மண்ணும் இல்லாமல் போனது.

நிலம் போனது இருவருக்கும்தான். யூக்கலிப்டஸ் கன்று வைக்கிற வேலைக்கு அன்று பெரட்டில் பேர் விழுந்தவர்களில் மீனம்மாவும் ஒருத்தி. தக்காளி நின்ற இடத்தில் அவளே குழி வெட்டினாள், அவளே மரம் நட்டாள். தோட்டம் நட்டால் அது மரம். ராக்காயி பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படலாம் என்றுதான் வந்து நின்றாள், அது வரவில்லை.

அடுத்த மழைக்கு, பின்கதவுப் படியோரச் சிமெந்து வெடிப்பில் ஒரு முளை வந்தது. மேலே தகரக் கூரை விளிம்பில் கொண்டைக்குருவிகள் வந்து உட்கார்கிற இடம் அது. முதலில் கண்டவள் அந்த வழியாகப் போன மீனம்மா. மாதக்கணக்காகப் பேச்சு இல்லை. இருந்தும் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா... கொய்யா போலருக்கு. பாத்தீங்களா?"

ராக்காயி குனிந்து பார்த்தாள். கொய்யாதான், இரண்டே இலை. கூரையில் குருவி கத்தியது. இந்தமுறை கை தயங்கவில்லை. வேரோடு பிடுங்கிக் கானில் போட்டாள்.

"நா யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேனேக்கா" என்றாள் மீனம்மா.

ராக்காயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.