அழைத்துப் போக ஒருவர்

எங்கள் தொலைக்காட்சியின் தமிழ்ச் செய்தியில் எந்த விஷயமானாலும் தமிழில் பேச ஒருவர் வேண்டும். இருபது ஆண்டுகளாக என் பெரிய தலைவலி அதுதான். பேருந்துக் கட்டணம் ஏறினாலும், கொசு பெருகினாலும், பள்ளித் தேர்வு முடிவு வந்தாலும், ஆங்கிலம் கலக்காமல் இரண்டு வாக்கியம் பேசக்கூடிய ஒருவரைச் சாயங்காலத்துக்குள் பிடித்தாக வேண்டும். பயிற்சி நிருபராகச் சேர்ந்த புதிதில் தமிழர்கள் கூடும் தேக்கா சந்தை வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். "ஐயோ, எனக்கு டிவி தமிழ் வராது லா" என்று நழுவிவிடுவார்கள்.

சிக்கியவர்களை விடுவேனா? கைத்தொலைபேசியில் எண்ணைச் சேர்த்துக்கொள்வேன். எனக்குப் பெயர்கள் மனதில் தங்குவதில்லை. அதனால் கொசு அக்கா, பேருந்து அண்ணன், தேர்வு அம்மா என்று சேமித்தேன். இந்தப் பட்டியல்தான் என்னை நிருபராக்கியது, மூத்த நிருபராக்கியது, இப்போது செய்தியாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. இளம் நிருபர்கள் திண்டாடும்போது அதிலிருந்து ஓர் எண்ணைக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன மாதம் வயிற்றில் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் மயக்க மருந்து கொடுப்பதால், அழைத்துப் போக ஒருவர் கட்டாயம் வர வேண்டும். ஆள் இல்லையென்றால் சிகிச்சை இல்லை. படிவத்தில் அவர் பெயருக்கும் எண்ணுக்கும் இடம் விட்டிருந்தது.

அம்மாவும் அப்பாவும் இல்லை. தம்பி வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறான். திருமணத்தை நான் அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளியே காலம் போய்விட்டது. அலுவலகத்தில் கேட்கலாம்தான். ஆனால் நான் தினமும் விரட்டி வேலை வாங்குகிறவர்களிடம் என் வயிற்றைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் யோசித்து, கொசு அக்காவை அழைத்தேன். தோ பாயோ வட்டாரத்தில் இருக்கிறார். நான்கு முறை பேட்டி கொடுத்திருக்கிறார், ஒருமுறை தேநீர் போட்டுக் கொடுத்து, உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார்.

"அட, நீங்களா! என்ன டாபிக்? எத்தன மணிக்கு வர்றீங்க?"

"டாபிக் எல்லாம் இல்லக்கா. கேமராவும் இல்ல."

"ஓ, போன்லயே ரெக்கார்ட் பண்றீங்களா? ஒரு நிமிஷம், டிவிய ஆஃப் பண்ணிட்டு வந்துடறேன்."

திரும்பி வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "ம், கேளுங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், இருபது ஆண்டுப் பழக்கத்தில் ஒரு கேள்வி கேட்டேன். தனியாக வாழ்பவர்கள் மருத்துவமனைக்குப் போகும்போது மற்றவர்கள் துணைக்குப் போக வேண்டுமா, அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

"கண்டிப்பாகப் போக வேண்டும்" என்றார். குரலே மாறிவிட்டது. "உடல்நலம் இல்லாத நேரத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது. நமக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டுத் துணைக்குப் போக வேண்டும். அவர்களும் கேட்பதற்குத் தயங்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து." பிறகு மூச்சு விட்டு, "ஓகேவா? நல்லா இல்லன்னா இன்னொரு தடவ சொல்றேன்" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா."

"எப்ப போடுவீங்க? பிள்ளைங்கள உக்கார வச்சுப் பார்க்கணும்."

இந்த வாரத்தில் வந்தாலும் வரலாம் என்று புளுகினேன். போனை வைத்த பிறகு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்காக மட்டும் நான் அவரை அழைத்ததில்லை. பிறகு எப்படி வேறொன்றை எதிர்பார்ப்பார்?

மறுநாள் மருத்துவமனைக்கு அழைத்து, வேலை அதிகம் என்று சொல்லி நாளைத் தள்ளிப்போட்டேன். புதிய தேதியைக் குறித்துக்கொண்ட தாதி, என்னை அழைத்துப் போக வருகிறவருக்கு அந்த நாள் வசதிப்படுமா என்று கேட்டார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.